உறையாநீர்

அக்டோபர் 3, வெள்ளி

நகரசபையிலிருந்து இன்று தபாலில் ஒரு மடிப்புத் தாள் வந்தது. குளிர்காலம் தொடங்குமுன் வீட்டையும் காரையும் எப்படித் தயார்செய்வது என்று விளக்கும் தாள். எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிப்பது என் பொறுப்பு. அப்பாவிடம் இறைச்சித் தொழிற்சாலைக்குப் போதுமான ஆங்கிலம் இருக்கிறது. அம்மாவிடம் ஹோட்டல் சலவை அறைக்குப் போதுமான ஆங்கிலம் இருக்கிறது. மின்சாரக் கடிதம் முதல் டொக்டர் வரை மற்றதெல்லாம் எட்டாம் வகுப்புத் துளசிகா தவபாலனாகிய நான்தான்.

"இதைத் தமிழில எழுதி ஃபிரிட்ஜில ஒட்டு, துளசி. வவுனியாவில கட்டுரைப் போட்டியில முதலாமிடம் எடுத்தனியெல்லே" என்றார் அப்பா.

போன குளிர்காலம் ரொறன்ரோவில் பெரியப்பா வீட்டு நிலவறையில் இருந்தோம். அங்கே குளிர் பெரியப்பாவின் பிரச்சினை. இந்த மனிடோபாச் சிறுநகரத்தில், வாடகைக்கு எடுத்த இந்த வீட்டில், அது எங்கள் பிரச்சினை. மைனஸ் முப்பதுக்கும் கீழே போகுமாம்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். காரின் ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைத் திரவத்துக்குத் தமிழில் சொல் கிடைக்கவில்லை. என் அகராதியிலும் இல்லை. கடைசியில் நானே ஒன்று செய்தேன்: உறையாநீர்.

அப்பா வாசித்துவிட்டுச் சிரித்தார். "உறையாநீரோ? கேக்கக் கோயில் தீர்த்தம் மாதிரிக் கிடக்கு. மலர், வந்து ரெண்டு கையையும் ஏந்தும். பிள்ளை உறையாநீர் தரப்போறா."

அம்மாவும் சிரித்தார். இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்ததால் ஒரு கையைத்தான் ஏந்தினார்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஜன்னல்களுக்கு உள்பக்கமாக மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டினோம். சட்டத்தைச் சுற்றி இருபக்கமும் ஒட்டும் நாடாவை ஒட்டி, அதன்மேல் தாளை விரித்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்ட வேண்டும். சுருக்கமெல்லாம் தானாக இறுகி, தாள் கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். கருவியை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இவளின்ர சுருக்கத்தையும் எடுத்துவிடுவம்" என்றார். முதல் ஜன்னல் மிக அழகாக வந்தது.

இரண்டாவது ஜன்னலில் அம்மா நாடாவைக் கோணலாக ஒட்டிவிட்டார். அப்பா கருவியை நிறுத்தினார். அம்மா, "பரவாயில்லை, திரைச்சீலை மறைச்சிடும்" என்றார். அந்தச் சொல்தான் பிழையென்று நினைக்கிறேன்.

இரண்டாவது ஜன்னலின் பிளாஸ்டிக் கிழிந்துவிட்டது. அம்மாவின் தலை அதில் பட்டது. மூன்று தடவை பட்டது. கண்ணாடி உடையவில்லை. வெளிக்கண்ணாடி இரட்டை அடுக்கு என்று வீட்டுக்காரர் சொன்னது உண்மைதான்.

மறுபடி ஒட்டப் புதுத் தாள் வாங்க வேண்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

அம்மாவுக்கு எழும்பினால் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது. அப்பா எங்களை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார். வழியில் காரில் எனக்குச் சொல்லித்தந்தார்: "ஐஸில வழுக்கி விழுந்தவ எண்டு சொல்லு. கூடக் கதைக்காதை."

தாதி குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில். ஒருவர் அரைக்கைச் சட்டையோடு நாயை நடத்திக்கொண்டு போனார். எனக்கு முகம் எரிந்தது. குளிர்பெட்டியிலிருந்து ஐஸ்கட்டி சமையலறை நிலத்தில் சிந்தியது என்று சேர்த்துக்கொண்டேன்.

பிறகு தாதி அம்மாவைப் பார்த்து மெதுவாக ஒன்று கேட்டார். வீட்டில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்பது கேள்வி. அப்பா என் கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, வீடு கதகதப்பா இருக்கோ எண்டு கேக்கினம்" என்றேன்.

அம்மா என்னை நெடுநேரம் பார்த்தார். "ஓம் எண்டு சொல்லு" என்றார்.

என் மொழிபெயர்ப்பில் இதுவரை பிழை வந்ததில்லை. இது பிழை அல்ல. இதற்கு வேறு ஏதோ பெயர் இருக்க வேண்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று காரின் முறை. எங்கள் கார் ஒரு பழைய வான். கோடை முழுவதும் ரேடியேட்டர் ஒழுகியது. ஒழுக ஒழுக அப்பா குழாய்த் தண்ணீரை ஊற்றினார். வவுனியாவில் லொறி ஓட்டியபோது ஒவ்வொரு காலையும் ஒரு போத்தல் தண்ணீர் விட்டுத்தான் புறப்படுவாராம்.

நான் தாளைப் பார்த்து, "அப்பா, ஆறாவதிலை எழுதியிருக்கு. வெறும் தண்ணி கலந்தால் உறைஞ்சு எஞ்சின் வெடிக்குமாம். எல்லாத்தையும் வடிச்சுப்போட்டு உறையாநீர் விடவேணுமாம்" என்றேன்.

"இருவது வருசம் லொறி ஓடினவனுக்கு நீ எஞ்சின் படிப்பிக்கிறியோ?"

"நான் இல்லை, அப்பா. தாள்தான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆகவே அடி வருவது எனக்குத் தெரியவில்லை. வான் கதவின் விளிம்பில் காது பட்டது. என் மூக்குக்கண்ணாடி பக்கத்து வீட்டு வேலிக்குள் போய் விழுந்தது. பக்கத்து வீட்டு மரிசெல் அதை எடுத்துவந்து, துடைத்து, என் கையில் தந்தார். மரிசெல் பிலிப்பீன்ஸ்காரர், அம்மாவோடு அதே சலவை அறையில் வேலை செய்பவர். அப்பாவையும் அவர் பார்த்தார். அப்பா, "ஹலோ, ஹலோ, நைஸ் டே" என்றார்.

அக்டோபர் 27, திங்கள்

இடது காது இரைகிறது. குளிர் வரும்போது சிலருக்குக் காது இரையும் என்று நூலகப் புத்தகம் ஒன்றில் இருக்கிறது.

அக்டோபர் 29, புதன்

அப்பா சொக்லேட் வாங்கிவந்தார். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அம்மா தன்னுடையதைச் சாப்பிடாமல் உள்ளே வைத்துவிட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் பனி. தாளின் பத்தாவது விஷயம்: நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் உயிர்பிழைக்க ஒரு பையைக் காரின் பின்பகுதியில் வைத்திருக்க வேண்டும். போர்வை, மெழுகுதிரி, தீப்பெட்டி, பிஸ்கட், காலுக்குச் சப்பாத்து, கைவிளக்கு. இதற்கு நான் "உயிர்ப்பை" என்று பெயர் வைத்திருந்தேன். அப்பாவுக்கு இந்தச் சொல் பிடித்திருந்தது. "செய்யுங்கோ, செய்யுங்கோ, தாயும் மகளும்" என்று சொல்லிவிட்டு ரீவி பார்க்கப் போய்விட்டார்.

அம்மா இவ்வளவு கவனமாக ஒரு பை அடுக்கி நான் பார்த்ததில்லை. தாளில் இல்லாதவையும் உள்ளே போயின. போர்வையின் மடிப்புக்குள் எங்கள் இருவரின் கடவுச்சீட்டுகள். என் பள்ளிச் சான்றிதழ்கள். அம்மாவின் மாத்திரைகள். அந்தச் சொக்லேட்.

"கார் நிண்டால் சான்றிதழ் எதுக்கு, அம்மா?"

"கேள்வி கேக்காமல் உனக்கு வேண்டியது ஏதும் இருந்தால் கொண்டுவா. ஒண்டுதான். பாரமில்லாத சாமானாக் கொண்டுவா."

நான் அகராதியைக் கொண்டுவந்தேன். அம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கல்லுமாதிரிக் கிடக்கு. சரி, வை" என்றார்.

பனிப்புயல் பற்றி அம்மாவுக்குப் பயம் அதிகம் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மைனஸ் பதினெட்டு. இங்கே கார்களின் மூக்கிலிருந்து ஒரு சிறு வயர் தொங்குகிறது. அதைச் செருகிவைத்தால் எஞ்சின் இரவெல்லாம் சூடாக இருக்கும். தெருவில் எல்லா வீட்டுக்காரரும் செருகுகிறார்கள். அம்மா கடையில் நீளமான செம்மஞ்சள் வயர் ஒன்று வாங்கிவந்து, அப்பாவிடம் கேட்காமல் வானுக்குச் செருகிவிட்டார்.

"கரண்ட் குடுத்து எழுப்ப இதென்ன ஆஸ்பத்திரியோ? ஆர் உன்னைச் செருகச் சொன்னது?"

"தெருவில எல்லாரும்தான் செருகினம்."

"தெருவில எல்லாரையும் பாக்கிறியோ நீ?"

வயர் பத்து மீட்டர். அதை நான்காக மடித்தால் கையில் பிடிக்க வசதியாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அம்மா அடுப்புக்கும் சுவருக்கும் இடையில் குந்திவிட்டார். நான் எண்ணினேன். எண்ணினால் அது முடியும்வரை இருக்க முடிகிறது. பதினேழு.

பிறகு அம்மாவின் முதுகில் களிம்பு பூசினேன். தடங்கள் தடித்து, நடுவில் வெள்ளையாக, ஓரத்தில் சிவப்பாக இருந்தன. எதையாவது சொல்லவேண்டும் போலிருந்தது. ரேடியேட்டரில் இன்னும் பாதிக்கு மேல் தண்ணீர்தான் இருக்கிறது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அம்மா கேட்டால் கட்டாயம் அப்பாவிடம் போய்ச் சொல்வார், அப்பாவுக்கு யார் சொன்னதென்று தெரிந்துவிடும். காது இப்போதுதான் சரியாகியிருக்கிறது. பேசாமல் பூசினேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

இந்த வாரம் முழுவதும் அப்பா கூட வேலைசெய்பவரின் வண்டியில் போகிறார். வான் முற்றத்தில் சும்மா நிற்கிறது.

அம்மா என் தலையை வாரிக்கொண்டே சொன்னார்: "வியாழக்கிழமை நீ பள்ளிக்கூடம் போகேல்லை. ரொறன்ரோவில நான் லைசன்ஸ் எடுத்தது ஞாபகமிருக்கோ? மரிசெல் ஒரு மாதமா ஹோட்டல் பின்முற்றத்தில ஓடப் பழக்கிறா. அவவின்ர தங்கச்சி வின்னிபெக்கில இருக்கிறா. ரெண்டு மணித்தியாலம்தான்."

"அப்பா?"

"அப்பாவுக்குச் சோறு சமைச்சு வைச்சிட்டுப் போவம்" என்றார் அம்மா. சமையலைப் பற்றித்தான் நான் கேட்டேன் என்பதுபோல்.

டிசம்பர் 5, வெள்ளி. வைத்தியசாலை.

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு மைனஸ் முப்பத்தொன்று. அம்மா சாவியைத் திருப்பினார். வான் முனகியது, இருமியது, நான்காம் தடவை உயிர்பெற்றது. அம்மா என் கையைப் பிடித்து முத்தமிட்டார். தெருமுனைவரை ஓட்டினார். அங்கே திரும்புவதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புக்குப் போனது. எஞ்சின் மூடியின் இடுக்கெல்லாம் ஆவி வந்தது. வெளியே மூச்சே உறைகிற குளிர், எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே ஒன்று வெடித்தது. வான் நின்றது. குனிந்து பார்த்தேன். அடியில் பனிக்கட்டி நாக்குபோல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதில் பச்சை நிறம் பேருக்குத்தான் இருந்தது.

"என்ன பிள்ளை இது? ஏன் கொதிக்குது?"

ரேடியேட்டர் உறைந்தால் தண்ணீர் சுற்றாது, அதனால் கொதிக்கும் என்று விளக்கினேன். எனக்கு இது முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா மரிசெல்லுக்குப் போன் எடுத்தார். நான்கு மணிக்கு வேலை முடிந்ததும் தானே ஏற்றிப்போவதாக அவர் சொன்னார். அப்பா ஐந்தரைக்குத்தான் வருவார். நேரம் இருந்தது. உயிர்ப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

நேற்றென்று பார்த்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதாகி எல்லாரையும் மூன்று மணிக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா வந்த வண்டி தெருமுனையில் எங்கள் வானைத் தாண்டித்தான் வந்தது.

கதவைத் திறக்கும்போது அவர் கோபமாக இல்லை. அதுதான் பயம். "ஆர் வானை எடுத்தது? சீட்டு முன்னுக்கு இழுத்துக் கிடக்கு" என்றார். பிறகு வாசலில் பையைக் கண்டார். அதைத் தலைகீழாகக் கொட்டினார். போர்வைக்குள்ளிருந்து இரண்டு கடவுச்சீட்டுகளும் விழுந்தன.

"ரெண்டுதான் கிடக்கு. என்ரை எங்கை?"

அம்மா, "இஞ்சருங்கோ, பிள்ளைக்கு முன்னால வேண்டாம்" என்றார்.

முதல் அடியில் அம்மாவின் பல் என் சட்டையில் வந்து விழுந்தது. சின்னதாக, வேரோடு இருந்தது. என் அகராதியை எடுத்துத்தான் அடித்தார். அம்மா விழுந்ததும் வயிற்றில் உதைத்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன், கடித்தேன். அவர் கையை உதறியதில் மேசைக்கு அடியில் போய் விழுந்தேன். எண்ண முயன்றேன். எண்கள் வரவில்லை.

பிறகு அம்மாவைத் தலைமுடியில் பிடித்துச் சமையலறை வழியாக இழுத்துப்போய், பின்கதவைத் திறந்து, வெளியே தள்ளிப் பூட்டினார். அம்மா வீட்டுச் சட்டையோடு இருந்தார். காலில் ஒன்றுமில்லை. பின்முற்றத்தைச் சுற்றி உயரமான மரவேலி. அதன் கதவு பனியில் புதைந்து ஒரு மாதமாகிறது.

அப்பா கதிரையை இழுத்துப் பின்கதவோடு போட்டு உட்கார்ந்தார். ஃபிரிட்ஜிலிருந்து என் தாளைக் கிழித்தெடுத்து என்னிடம் நீட்டினார்.

"வாசி. குளிருக்கு என்னென்ன செய்யோணும் எண்டு எழுதினனிதானே. கொம்மாவுக்குக் கேக்க வாசி."

வாசித்தேன். கதவுக்கு அப்பால் அம்மா உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார். "கதவைத் திறவுங்கோ. இனிப் போகமாட்டன். கதவைத் திறவுங்கோ, அப்பா." என்னை அழைக்காமல் அவரைத்தான் அழைத்தார். நான் ஜன்னல்களைப் பற்றி வாசித்தேன். ஆறாவதில் அப்பா, "நிப்பாட்டு, அதை விட்டிட்டு வாசி" என்றார். பதினோராவது என் சொந்தக் கையெழுத்தில் இப்படி இருந்தது: மைனஸ் முப்பதுக்குக் கீழே, மூடாத தோல் பத்து நிமிடத்தில் உறையும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினாறு நிமிடம் ஆகியிருந்தது. தட்டும் சத்தம் நின்றிருந்தது.

"அப்பா, அம்மா செத்துப்போவா."

"கனடாவை நல்லாப் பாக்கட்டும்."

நான் தாளை அவர் முகத்தில் எறிந்துவிட்டு முன்கதவுக்கு ஓடினேன். பூட்டைத் திறக்கும்போது என் ஜக்கெற்றைப் பிடித்துவிட்டார். கைகளைப் பின்னால் விட்டு அதற்குள்ளிருந்து வழுக்கி வெளியே வந்தேன். காலுறையோடு ஓடினேன். காற்று முகத்தில் கத்திபோல் இல்லை. கை நீட்டி அறைவதுபோல் இருந்தது. அது எனக்குத் தெரிந்த உணர்வுதான்.

மரிசெல்லின் கார் அப்போதுதான் திரும்பி வந்தது. நான் நடுத்தெருவில் நின்று, தமிழில் கத்தினேன். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. அவருக்கு விளங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய முற்றம். அவர் பெரிய பெண். ஓடிவந்து காலால் நான்கு உதை உதைத்ததில் இரண்டு பலகைகள் முறிந்தன. அம்மா படிக்கட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. நடுங்கவில்லை. நடுங்காதது நல்லதல்ல என்று நூலகப் புத்தகத்தில் இருக்கிறது.

இருவரும் அம்மாவைப் பலகை இடுக்கால் இழுத்து, காரின் பின்சீட்டில் போட்டோம். கதவுகளைப் பூட்டியபோது அப்பா பனி அள்ளும் இரும்புச் சவளோடு வந்துவிட்டார். முன்கண்ணாடியில் முதல் அடி. கண்ணாடி முழுவதும் சிலந்திவலை. "என்ர பெண்சாதி! என்ர பிள்ளை! இறக்கடி!" இரண்டாம் அடியில் சவளின் முனை உள்ளே வந்து மரிசெல்லின் தோளைக் கிழித்தது. மரிசெல் தன் மொழியில் கத்திக்கொண்டே காரைப் பின்னுக்கு எடுத்தார். சவள் கண்ணாடியில் செருகியபடியே எங்களோடு வந்தது. கார் பின்னால் போகப் போக அப்பா தெருவில் சிறிதாகிக்கொண்டே போனார். சட்டை மட்டும் போட்டிருந்தார். கையை ஆட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் வழியனுப்புகிறவர் போல இருந்திருக்கும்.

மரிசெல் என்னிடம் போனைத் தந்தார். என்ன அவசரம் என்று கேட்டார்கள். அப்போது ஆங்கிலம் திரும்பி வந்தது.

டிசம்பர் 6, சனி

அம்மாவின் இரண்டு விலா எலும்புகள். ஒரு பல். வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. அவை தங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். மரிசெல்லுக்குப் பதினொரு தையல். அவர் தையலைக் காட்டி, சவளைத் திருப்பித் தரமாட்டேன், எனக்கு ஒன்று தேவைப்பட்டது என்றார். அம்மா சிரிக்கப்போய் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

பொலிஸ் வாக்குமூலத்துக்கு என்னை மொழிபெயர்க்க விடவில்லை. தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பெண் வந்தார். இந்தியத் தமிழ். அம்மா சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் சொன்னார். ஏழு வருடத்துக்கு முந்தியதிலிருந்து அம்மா தொடங்கினார். எனக்குத் தெரியாதவை நிறைய இருந்தன. எனக்கு ஒரு தம்பி பிறக்க இருந்தான் என்பது அதில் ஒன்று. அந்த இடத்தில் தொலைபேசிப் பெண், "மன்னிச்சுக்கங்க, திரும்பச் சொல்லுங்கம்மா" என்றார்.

டிசம்பர் 7, ஞாயிறு

பொலிஸ் அதிகாரி இன்று மறுபடி வந்தார். வாக்குமூலத்துக்கல்ல, சும்மா எப்படி இருக்கிறோம் என்று பார்க்க. அப்பாவை நாளை நீதிபதியிடம் கொண்டுபோவார்களாம். அவரை உள்ளேயே வைப்பதா, நிபந்தனையோடு வெளியே விடுவதா என்று நீதிபதிதான் சொல்ல வேண்டுமாம். அம்மாவுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். தொலைபேசிப் பெண் இல்லாததால் நான் சொன்னேன்.

அம்மா போர்வையை இழுத்து, கட்டுப்போட்ட காலை மூடினார்.

"அவர் வெறும் சட்டையோட நிண்டவர். கூட்டிக்கொண்டு போகேக்கை ஜக்கெற் போட விட்டவையோ எண்டு கேளு, பிள்ளை. பாவம், அவருக்குக் குளிர் ஒத்துவராது."

அதிகாரி என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அந்தப் போர்வைக்குக் கீழே இருக்கும் இரண்டு விரல்களை நான் காலையில் பார்த்திருந்தேன்.

அவரை வெளியே விடுவதென்றால், விடுவதற்கு முன்பே எங்களுக்குச் சொல்வீர்களா என்று அம்மா கேட்கிறார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கட்டாயம் என்றார் அதிகாரி. ஒரு சிறிய அட்டையில் தொலைபேசி இலக்கம் எழுதி, எந்த நேரமும் கூப்பிடலாம் என்று சொல்லி, அதை அம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போனார்.

"என்ன சொன்னவர்?"

"விடுறதெண்டால் முதலே சொல்லுவினமாம்."

அம்மா என்னையே பார்த்தார். சலவை அறை ஆங்கிலத்துக்கு இவ்வளவும் விளங்கியிருக்கும். "நான் அதையோ கேட்டனான்?" என்றார்.

"இல்லை, அம்மா."

அம்மா அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். பிறகு அந்த இலக்கத்தை ஒவ்வொன்றாக, ஆங்கிலத்தில், வாய்க்குள் சொல்லத் தொடங்கினார். ஏழாவதில் பிழை விட்டார். நான் திருத்தினேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.